மில் நின்றபோது

சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளத்தை எடெல்மிராவின் மில் கடகடவென அரைக்கிறது. ஜன்னல் வெயிலில் ஆவி மிதக்கிறது. எங்கள் மாநிலக் கவர்னருக்கும் போதைமருந்துக் கும்பலுக்கும் உள்ள உறவை வெளியே கேட்காதபடி இந்தச் சத்தத்துக்குள்தான் ஊரில் நாங்கள் பேசிக்கொள்வோம். இன்று சுவரிலுள்ள டிவியில், விசாரணைக்காக அமெரிக்கா கேட்டு வாங்கிய அந்தக் கவர்னர் கைவிலங்கோடு விமானம் ஏறுகிறார். “பார்த்து ஏறுங்க துரை, இந்தத் தடவை கம்பளம் விரிக்கல” என்று வாளியோடு வரிசையில் நிற்கும் ஓஃபெலியா முணுமுணுக்கிறாள். எடெல்மிரா எட்டி மில்லை நிறுத்துகிறாள். “என் தம்பி ஃபெர்மினைக் கொன்னது இவன் ஆளுங்கதான்.” ஆறு வருஷமாக என் காதோடு மட்டும் சொன்னதை, மாவு படிந்த கையை டிவியை நோக்கி நீட்டி, எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறாள். யார் கேட்கிறார்களோ என்று ஒருவரும் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. “எங்க வீட்டுக்காரரையும்தான்க்கா” என்கிறாள் ஓஃபெலியா, முணுமுணுக்காமல்.