துணியில் மிச்சம்

ஆயுத அறை மேசையில் பழைய துணியை விரித்து, குண்டு இல்லையென்று இருமுறை பார்த்துவிட்டு, உதவி ஆய்வாளர் பூங்கோதை கைத்துப்பாக்கியைக் கழற்றினாள். எதிரே நின்ற ஏட்டு இருதயராஜின் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தது. போன வாரம் துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு கடித்திருந்தது.

"மோதிரத்தக் கழட்டிருங்க மேடம். ஸ்லைடுல மாட்டுனா விரலோட போயிரும்."

நிச்சயதார்த்த மோதிரம் அது. கல்யாணத்துக்கு முன் வேலையை விடச் சொல்லி மாப்பிள்ளை வீட்டிலிருந்து காலையில்தான் பேசியிருந்தார்கள். எண்ணெய் தொட்டுத் திருகிக் கழற்றித் துணியின் ஓரத்தில் வைத்தாள்.

குழலைத் துடைத்தாள். ஸ்பிரிங் தெறித்துவிடாமல் உள்ளங்கையால் அழுத்திப் பொருத்தினாள். பின்னால் இழுத்து விட்ட ஸ்லைடு, அவள் விரலைத் தொடாமல் முன்னால் வந்து டக்கென்று நின்றது. விரல்களை விரித்துப் பார்த்தாள். பத்தும் பத்திரம். துப்பாக்கியை உறையில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

மாட்டி முடித்தபின் துணியில் எது கிடந்தாலும் மறுபடி கழற்றிப் பார்ப்பது அந்த அறையின் வழக்கம். துணியை மடிக்கப்போன இருதயராஜ் நின்றார்.

"மேடம், ஒண்ணு மிச்சம் கெடக்கு."

வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல ஏட்டய்யா. எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கு."