மூன்றாவது சுற்று

ரவுண்டானாவை மூன்று முறை முழுதாகச் சுற்றினால், வழி மறந்தவர் என்று கணக்கு. ஓட்டுநர் உரிமம் போய்விடும். சுடலைமுத்துவின் ஆட்டோ மூன்றாவது சுற்றில் இருந்தது. கம்பத்தில் இருந்த கண்காணிப்புக் கேமரா பேசியது.

“ஏன் சுற்றுகிறீர்கள்?”

பின்னால் இருந்த மனைவி பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள். “நடுவுல பிள்ளையார் இருக்காருல்லா? வேண்டுதல்!”

“ஓட்டுநர் சொல்லட்டும். எந்தச் சாலையில் போக வேண்டும்?”

மார்க்கெட் சாலை வந்ததும் பேச்சியம்மாள் கேமராவுக்குத் தெரியாமல் அவர் சீட்டைக் காலால் உதைத்தாள்.

“இந்தா, இதுலதான்” என்று திருப்பினார் சுடலைமுத்து.

“நன்றி. வேண்டுதல் பலிக்கட்டும்.”

பேச்சியம்மாளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. “உரிமம் தப்பிச்சுது. நேரா வீட்டுக்கு விடுங்க.”

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பணிவாகக் கேட்டார்.

“உங்க வீடு எந்தத் தெரு, தாயி?”