கொசு பேட்டின் சிவப்பு விளக்கு

அமலி வீட்டுக் கொசு பேட்டில் பேட்டரி போய்விட்டது. எவ்வளவு சார்ஜ் போட்டாலும் சிவப்பு விளக்கு மட்டும் எரியும், கொசு சாகாது. அதைப் பார்த்து அமலி, "லைட் எரியுதே, நல்லாத்தான் இருக்கு" என்று திரும்ப ஆணியில் மாட்டிவிடுவாள்.

பேட்டின் கம்பி வலை மேலேயே உட்கார்ந்து ஒரு கொசு புகழும்: "அண்ணே, உங்க விளக்கு என்ன அழகு! அதை மட்டும் அணைய விட்டுடாதீங்க."

பேட்டுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் தொட்டிலில் குழந்தை வீறிட்டது. கன்னமெல்லாம் தடிப்பு. அமலி ஓடிவந்து பேட்டை எடுத்தாள். பேட் பல்லைக் கடித்துக்கொண்டு தன் விளக்கை அணைத்தது.

"ஐயோ அண்ணே, குப்பையில போட்டுடுவாங்க!" என்றது கொசு.

"போட்டா போடட்டும். இனிமே சும்மா எரிஞ்சு ஊரை ஏமாத்த மாட்டேன்."

அமலி அதைத் தட்டிப் பார்த்தாள். குப்பைக்கூடையையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, உப்பிப்போன பேட்டரியைக் கழற்றினாள். புதிதாக ஒன்று வாங்கிவந்து பொருத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் பேட்டைக் கையில் எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். கொசு வழக்கம்போல வலையில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, விளக்கு முன்னைவிடப் பிரமா..."

பாராட்டு பாதியிலேயே பொரிந்தது.