பேன்கள் இறங்கிய காலை

அக்காளின் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்ததும் பேன்கள் தென்பட்டன. தலையில் அல்ல, தலையணையில்.

வெள்ளை உறையின் மேல் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, பெருங்கூட்டம். குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பியது போல.

தங்கைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அக்கா, பாத்தியா? எல்லாம் ஓடுது!"

அக்காள் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து பாதி நேரம் தூக்கம்தான். தூங்கட்டும் என்று தங்கை விட்டுவிட்டாள்.

பேனும் அந்த ஆஸ்பத்திரி கொடுத்ததுதான். அங்கே கொடுத்ததில் உருப்படியாக வேலை செய்த ஒரே சரக்கு.

வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் நர்ஸ் கறாரானவள். இன்று வரும்போதும் பேன் இருந்தால் மொட்டைதான் என்று சொல்லிவிட்டாள். அக்காளோ உயிரைப் பற்றிக்கூட அவ்வளவாகக் கவலைப்படவில்லை. இடுப்புக்குக் கீழே இறங்கும் அந்தக் கூந்தல்தான் அவளுக்கு எல்லாம். போனால் முடியோடுதான் போவேன் என்று தங்கையின் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அதற்காகத்தான் இந்த டீ ட்ரீ எண்ணெய். சுண்டுவிரல் அளவு பாட்டில். எங்கோ கடலுக்கு அப்பால், சதுப்பு நிலத்தில் வளரும் மரமாம். அங்கே இருப்பவர்கள் காலங்காலமாக அதன் இலையைக் கசக்கிப் புண்ணுக்குக் கட்டுவார்களாம். இப்போது ஆவியில் வடித்து எண்ணெயாக்குகிறார்கள். பொடுகு, படர்தாமரை, பேன், எல்லாவற்றுக்கும் ஆகுமாம். பெயர்தான் டீ, டீத்தூளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தங்கை விளக்கியபோது அக்காள் மெல்லச் சிரித்தாள்.

"ஆனாலும் சக்கரை தூக்கலாவே போடுடி."

நேற்றுப் படுக்கும் முன் தங்கை தேங்காயெண்ணெயில் சில சொட்டுகள் கலந்து, வகிடு வகிடாகப் பிரித்துத் தேய்த்து, துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அறை முழுக்கக் கற்பூரம் மாதிரி ஒரு நெடி.

இப்போது அக்காளின் உச்சந்தலையில் கை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. எண்ணெய் நன்றாக உள்ளே இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பேன்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கினாள். இத்தனை நாள் ஆட்டம் காட்டியதற்கெல்லாம் சேர்த்து.

நர்ஸ் கத்தரியும் கையுமாக உள்ளே வந்ததும், பெருமையாகத் தலையணையைக் காட்டினாள்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். அக்காளின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு கத்தரியைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

அப்படியானால் மொட்டை இல்லை. ஜெயித்தாயிற்று. தங்கை துள்ளிக் குதிக்காத குறைதான்.

"பேனுக்கு சூடு வேணும்மா," என்றாள் நர்ஸ், அவள் தோளைப் பிடித்து. "உடம்பு ஆறிப்போச்சுன்னா அதுங்க தங்காது."

தங்கைக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது தலையணையில் கையை ஊன்றிக்கொண்டாள். அழக்கூட வரவில்லை.

தலையணையில் ஊன்றியிருந்த அவள் கையில் ஒரு பேன் ஏறியது. மணிக்கட்டைத் தாண்டி, கதகதப்பாக இருந்த பக்கமாக மேலே போனது.

பழக்கத்தில் அதைப் பிடித்து நகத்தில் வைத்துவிட்டாள். நசுக்க மனம் வரவில்லை.

அதன் வயிற்றில் கறுப்பாகத் தெரிந்தது அக்காளின் ரத்தம்.