பூட்டிய அறையிலிருந்து

விடுதியில் இணையம் ஆமை வேகத்தில் ஊர்வதாக முதல்வர்தான் சொன்னார். மாணவர்கள் ஒருவரும் புகார் சொல்லவில்லை. கல்லூரியின் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்ளும் நசீமா மதியத்துக்குள் காரணத்தைப் பிடித்துவிட்டாள். மாணவர்களின் கணினிகள் தங்களுக்குள் நேரடியாக ஒரே கோப்பைத் துண்டு துண்டாகப் பரிமாறிக்கொண்டிருந்தன. புதிய துண்டுகள் மட்டும் ஓர் அறையிலிருந்தே கிளம்பின. அது போன மாதம் குளத்தில் மூழ்கி இறந்த இருதயராஜின் அறை.

வார்டன் பூட்டைத் திறந்தார். மேசை வெறுமையாக இருந்தது.

"கம்ப்யூட்டர அவங்கப்பா அன்னைக்கே தூக்கிட்டுப் போயிட்டாரேம்மா."

சுவரிலிருந்து வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் மடிக்கணினியில் அந்த அறை இன்னும் அனுப்பிக்கொண்டே இருந்தது. அதைத் தடுத்தாள்.

தாழ்வாரத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காதில் இயர்போனோடு மாணவர்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"ஏன் மேடம் நிறுத்திட்டீங்க?" என்றான் ஒருவன்.

"எதை?"

"அவன் இன்னும் பேசி முடிக்கல."

வார்டன் பூட்டைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டார். நசீமா மடிக்கணினியில் தடையை நீக்கினாள். மாணவர்கள் தலையைச் சாய்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் நின்றவன் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.