வெட்டி எடுத்த மூச்சு

டெரிக் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டான்.

தெருச் சத்தம் அடங்கியது. வெக்கை உள்ளேயே தங்கிவிட்டது.

ஸ்டுடியோ ஸ்பீக்கரில் எந்தப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும், ஓட்டைக் காரில் கேட்டால்தான் லட்சணம் தெரியும் என்பது டெரிக்கின் கட்சி. பக்கத்து சீட்டில் இருந்தவளின் ராப் ஆல்பத்துக்கு ஒலிக்கலவை செய்தவன் அவன்தான். கடைசி வேலையை நேற்று தனியாகவே முடித்திருந்தான். அவள் இன்னும் கேட்கவில்லை.

ஏ.சி. போட்டால் என்ஜின் இரையும். போடவில்லை.

ஆறு மணிக்குள் இசைக் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். நாளை காலை வெளியீடு. ஏழு வருடம் கழித்து வரும் ஆல்பம்.

"ரெடியாக்கா?"

தலையாட்டினாள்.

அவள் பயம் பாட்டைப் பற்றியது அல்ல. மூச்சைப் பற்றியது.

அவள் ராப் பாட வந்தபோது, இது என்ன பாட்டா சண்டையா என்று கேட்டார்கள். பொம்பளைக்கு இது எதுக்கு என்றும் கேட்டார்கள். அதையெல்லாம் அவள் தின்று செரித்துவிட்டாள். இப்போது வயது நாற்பத்தெட்டு. போன வருடம் ஒரு கல்லூரி மேடையில் பாதிப் பாட்டில் நின்று மூச்சு வாங்கினாள். ஒரு நொடிதான். எவனோ அந்த நொடியை வெட்டி, குக்கர் விசிலை ஒட்டி, இணையத்தில் போட்டான். பார்க்காத ஆள் இல்லை. அவள் மகளே சிரித்துவிட்டு, அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செரிக்காதது அது ஒன்றுதான்.

டெரிக்கிடம் அவள் கேட்டதும் ஒன்றுதான். என் மூச்சு யார் காதிலும் விழக்கூடாது.

முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது ஓடியது. மூச்சே இல்லை. சுத்தம்.

"ஒண்ணொண்ணா வெட்டி எடுத்தேன்க்கா. எடுத்த எடத்த இழுத்து ஒட்டிட்டேன். இருவது வயசுப் பொண்ணு பாட்ற மாதிரி இல்ல?"

"இருவது வயசுல நான் இவ்ளோ நல்லா பாடலடா."

இருவரும் சிரித்தார்கள்.

மூன்றாவது பாட்டு.

அது மோசஸைப் பற்றியது. அவள் தம்பி. கழிவுநீர்க் குழிக்குள் இறங்கினான். விஷவாயு. ஏறி வரவில்லை. மூடியைத் திறந்ததிலிருந்து கால் வழுக்கியது வரை, அவனே சொல்வதுபோல் எழுதியிருந்தாள்.

தாளம் விழுந்தது. அவள் குரல் புறப்பட்டது.

பாதியில் அவளுக்கு நெஞ்சை அடைத்தது.

வெக்கை என்று நினைத்தாள். பாட்டை நிறுத்தச் சொன்னாள். நெஞ்சு விட்டது.

அதே கார். அதே வெக்கை.

மறுபடி போடச் சொன்னாள். அதே இடத்தில் மறுபடி அடைத்தது.

அப்புறம்தான் பிடிபட்டது. பாடுகிற குரல் மூச்சு எடுக்கும்போது கேட்கிற உடம்பும் கூடவே எடுத்துக்கொள்கிறது. முதல் இரண்டு பாட்டில் நடுநடுவே இசை மட்டும் வந்து இடைவெளி தந்தது. இதில் குரல் எங்கும் நிற்கவில்லை, மூச்சு எடுக்கவே இல்லை. அவள் உடம்பு காத்துக்கொண்டே இருந்தது.

"மூச்சத் திரும்ப வைடா."

"இன்னாக்கா, வெளாட்றியா?"

"கேக்கறவன் மூச்சு முட்டிச் சாவான்."

"ஒருத்தனும் சாவ மாட்டான். ஒரு பாட்டத் திரும்பக் கலக்கவே ஒரு நாள் ஆவும்."

அவன் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து ஷெரின். ஸ்பீக்கரில் போட்டான்.

"டெரிக், ஃபைல் எங்க? இந்தத் தேதிய விட்டா அப்புறம் தீபாவளிப் படப் பாட்டா வந்து நிக்கும். நம்மள ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க. அக்காகிட்ட சொல்லு."

"அக்கா கேட்டுக்கினுதான் கீது," என்று சொல்லிப் போனை வைத்தான்.

அவள் காரின் முன்கண்ணாடியில் இருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேதி போனா போவட்டும்."

"மறுபடியும் குக்கர் விசில் கேக்கணுமா உனக்கு?"

சுருக்கென்றது. ஆனாலும் சொன்னாள். "வைடா."

டெரிக் ஸ்டியரிங்கைக் குத்தினான். "நீ பயந்துக்கினே கேக்கற. அதான் உனக்கு அடச்சிக்குது. நான் கேக்கறேன் பாரு." பாட்டை முதலிலிருந்து போட்டான். சத்தத்தைக் கூட்டினான்.

இந்த முறை அவள் பாட்டைக் கேட்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

முப்பது வயது. தினமும் ஜிம்முக்குப் போகிறவன்.

பாட்டில் குழியின் மூடி திறந்தது. அவன் தலை தாளத்துக்கு ஆடியது.

மோசஸ் இறங்கினான். தலை நின்றது.

தோள்கள் மேலே ஏறின. ஏறிய இடத்திலேயே நின்றன. வாய் லேசாகப் பிளந்தது. கழுத்து நரம்பு புடைத்து எழுந்தது. விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கின.

தன் மூச்சு நின்றது அவனுக்கே தெரியவில்லை.

ஸ்டுடியோவில் இந்தப் பகுதியைப் பாடியபோது அவள் நாலு இடத்தில் மூச்சு வாங்கியிருந்தாள்.

மோசஸுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

"டெரிக்."

திரும்பினான். முகம் வேர்த்து வழிந்தது.

"அனுப்பிடு."

"மூச்சு?" அந்த ஒரு சொல்லுக்கே அவனுக்குத் திணறியது.

"வேணாம்."

பாட்டு இன்னும் குழிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை கதவைத் திறக்கப் போனது.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. முடியட்டும்."