அபாய அளவு ஒன்பது மீட்டர்

ஓர் அணையின் கணினியில் இரண்டு நிரல்கள் இருந்தன. எண்களை ஒப்பிடுவதுதான் இரண்டுக்கும் வேலை. மூத்தது கணினி மொழியோடு கூடவே வந்தது. இளையது பொறியாளர் ஞானசெல்வம் தானே எழுதியது. ஒப்பிட வேண்டியபோதெல்லாம் அவர் இளையதைத்தான் கூப்பிடுவார்.

ஐப்பசி மழையில் நீர்மட்டம் பத்து மீட்டரைத் தொட்டது. ஒன்பதைத் தாண்டினாலே அபாயச் சங்கு ஊத வேண்டும்.

இளையது பத்தின் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தது. "ஒன்றைவிட ஒன்பது பெரிது. பயமில்லை."

"ஐயோ, அது ஒன்று இல்லை, பத்து! சங்கை ஊது!" என்று பதறியது மூத்தது.

"உன்னை யார் கூப்பிட்டது?"

யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் அதனால் எதுவும் செய்ய முடியாது.

அணை வழிந்தது. சங்கு ஊதவே இல்லை. கரையோரக் குடியிருப்பில் முப்பத்தொரு பேரை வெள்ளம் கொண்டுபோனது.

ஞானசெல்வம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூத்ததைக் கூப்பிடாமல், இன்னொரு நிரலைத் தானே எழுத உட்கார்ந்தார்.